பைக் வேலை: எதை நாமே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செகண்ட் ஹேண்ட் 100 சிசி பைக் வாங்கினேன். இரண்டாவது மாதம் தெருமுனை மெக்கானிக்கிடம் ஜெனரல் சர்வீஸுக்கு விட்டேன். ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், லேபர் என்று எழுதி 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்துக் காலையில் வண்டி கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி அப்பிய பழைய பிளக் அப்படியே இருந்தது.

அந்தக் கோபத்தில், இனி எல்லா வேலையையும் நானே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். அடுத்த ஆயில் மாற்றும்போது, என்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கி, என்ஜினில் இருந்த மரையை அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, லேத் பட்டறை கிடையாது. மறுநாள் லீவு போட்டு, ஆயில் இல்லாத வண்டியை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். புது மரை போட 700 ரூபாய் ஆனது.

இந்த இரண்டு அடியும் உங்களுக்கு விழக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முதல் பைக் அல்லது முதல் ஸ்கூட்டர் வாங்கியவர்களுக்காக எழுதியது இது. காருக்கும் இதே முறை பொருந்தும், கருவியும் செலவும்தான் வேறு. நான் சொல்லும் விலைகள் சென்னையில் நான் கொடுத்தவை, உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும் இறங்கும்.

1. ஸ்பேனரைத் தொடும் முன் காகிதங்களைப் பாருங்கள்

முதலில் வாரன்டி. புது வண்டி என்றால் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் இலவச சர்வீஸ்களைக் குறித்த நாளுக்குள், குறித்த கிலோமீட்டருக்குள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முடித்துவிடுங்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் என்ஜின், வயரிங் பக்கம் நீங்களும் போகாதீர்கள், வெளி மெக்கானிக்கையும் விடாதீர்கள். நாளைக்கு ஒரு பெரிய கோளாறு வந்தால், "வெளியே கை வைத்திருக்கிறார்கள்" என்ற ஒரு வரி போதும், செலவு உங்கள் தலையில் விழும். காற்று அடிப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்றவரிடம் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள். "ஓனர் பேர்லயே ஓடட்டும், ஒண்ணும் ஆகாது" என்று புரோக்கர் சொல்வார். விபத்து நடந்த அன்றுதான் அந்தப் பேச்சின் விலை தெரியும். பாலிசி ஒருவர் பெயரில், வண்டி இன்னொருவர் பெயரில் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்பது பெரும்பாடு.

இன்னொரு பொறி. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலர்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) கட்டாயம். அதோடு வரும் சொந்த வண்டிச் சேதப் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு வருடம்தான். பாலிசியில் "ஐந்து வருடம்" என்று பார்த்துவிட்டுப் பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அப்புறம் பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட். புது வண்டிக்கு முதல் வருடம் தேவையில்லை. அதன்பின் பி.எஸ். 4, பி.எஸ். 6 (புகை அளவுக்கான அரசு விதிகளின் படிநிலைகள்) வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை, அதற்கும் பழையவற்றுக்கு ஆறு மாதம் ஒருமுறை.

கடைசியாக, வண்டியோடு வரும் மேனுவல். தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் இலவசமாகவே பெரும்பாலும் கிடைக்கும். எந்த ஆயில், எவ்வளவு காற்று, செயின் எவ்வளவு தொங்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் அதைப் பிரித்துப் படிக்க ஒரு வருடம் ஆனது. நீங்கள் இன்றைக்கே படியுங்கள்.

2. கோடு எங்கே போடுவது?

வேலை சுலபமா கஷ்டமா என்று பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். பிரேக் ஷூ மாற்றுவது பார்க்க மிகச் சுலபம். பிளக் கழற்றுவது முதல் தடவை கை நடுங்கும். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதில் நான் தப்பு செய்தால் வண்டி எங்கே நிற்கும்? வீட்டு வாசலிலேயே கிளம்பாமல் நிற்கும் என்றால் நான் செய்கிறேன். சென்னையின் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் அறுபதில் போகும்போது தெரியவரும் என்றால் மெக்கானிக்கிடம் போகிறேன்.

இப்படிப் பிரித்தால் காற்று, ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், செயின் சுத்தம், கேபிளுக்கு எண்ணெய், பல்ப், ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் ஆகியவை நம் பக்கம் வரும். பிரேக்கின் உள்வேலை, ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்), வீல் பேரிங், ஸ்டீரிங் கோன்செட், கிளட்ச் பிளேட், டேப்பெட், என்ஜின் பிரிப்பது எல்லாம் மெக்கானிக் பக்கம்.

உங்கள் வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 என்றால் கோடு இன்னும் கொஞ்சம் நம் பக்கம் நகரும், அதாவது நாம் செய்யக்கூடிய வேலை குறையும். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் ஜெட்டை ஊதிச் சரிசெய்த காலம் அதில் கிடையாது. பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான், பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். மீட்டரில் மஞ்சள் என்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால், கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் சென்சரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் மாட்டினால் ஆயிரக்கணக்கில் போய்விடும். மின்சார ஸ்கூட்டர் என்றால் காற்று, பிரேக் லீவர், விளக்கு தவிர எதையும் தொடாதீர்கள். பேட்டரிப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

3. கருவிகளுக்கு எவ்வளவு ஆகும்?

"மொத்த செட்" என்று 60 உருப்படி கொண்ட பெட்டியை வாங்காதீர்கள். அதில் பாதியை வாழ்நாளில் தொட மாட்டீர்கள், மீதி பாதி முதல் இறுக்கிலேயே வளையும். எனக்கு உதவியவை இவை:

ரிங் ஸ்பேனர் செட், 8 முதல் 19 வரை: 750 ரூபாய்
உங்கள் பிளக்குக்குப் பொருந்தும் பிளக் ஸ்பேனர்: 120 ரூபாய் (வண்டியோடு வந்த கருவிப்பையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்)
நல்ல ஸ்டார், தட்டை ஸ்க்ரூ டிரைவர்: 250 ரூபாய்
காற்று அளக்கும் கேஜ்: 300 ரூபாய்
மல்டிமீட்டர்: 350 ரூபாய்
டார்க் ரெஞ்ச்: 1,900 ரூபாய்
புனல், பழைய ஆயில் பிடிக்கத் தட்டு, பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை: 300 ரூபாய்

சுமார் 4,000 ரூபாய். டார்க் ரெஞ்ச் விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். அது இல்லாததால்தான் எனக்கு 700 ரூபாயும் ஒரு லீவு நாளும் போனது. போல்ட்டை இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவு வந்ததும் இந்த ரெஞ்ச் "டிக்" என்று சொல்லிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக்கின் கைக்கு அது தானாகத் தெரியும். நம் கைக்கு இன்னும் தெரியாது.

ஒரு ஆயில் மாற்றத்தில் லேபர் மிச்சம் 100, 150 ரூபாய்தான். கணக்குப் பார்த்தால் கருவிக் காசு திரும்பி வரப் பல வருடம் ஆகும். பணம் மிச்சம் பிடிக்க மட்டும் இதில் இறங்குகிறீர்கள் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். எனக்குக் கிடைத்த லாபம் வேறு. ஒரு வேலையைக் கையால் செய்து பார்த்தவனிடம் அந்த வேலையின் பெயரைச் சொல்லி ஏமாற்ற முடியாது.

4. வாரம் ஐந்து நிமிடம்

ஞாயிறு காலை, வண்டி எடுக்கும் முன் காற்று பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு வேண்டும் என்பது மேனுவலிலோ, செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏற்றினால் பின் டயருக்கு அளவு வேறு. பங்க்கில் "முன்னாடி முப்பது, பின்னாடி நாற்பது" என்று எல்லா வண்டிக்கும் ஒரே கணக்காக அடித்துவிடுவார்கள். உங்கள் வண்டியின் அளவை நீங்கள் சொல்லிக் கேளுங்கள்.

ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் பாருங்கள். பிரேக் லைட் எரியாதது நமக்குத் தெரியவே தெரியாது, பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். சுவர் பக்கம் வண்டியை நிறுத்திப் பிரேக் பிடித்தால் வெளிச்சம் சுவரில் விழும்.

5. ஆயில் மாற்றுவது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் முதல் வேலை. அதனால் விரிவாகவே சொல்கிறேன். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழகியபின் அரை மணி நேரம்.

நாள்: ஞாயிறு வேண்டாம். ஏதாவது தப்பானால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, லேத் எல்லாம் பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலை சரியான நேரம்.

எந்த ஆயில்: மேனுவலில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும், அதையே வாங்குங்கள். பாட்டிலின் பின்புறம் கியர் பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. (ஆயிலின் தரக்குறியீடு), கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ஜாசோ எம்.பி. என்று இருக்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. கார் ஆயிலையோ ஸ்கூட்டர் ஆயிலையோ ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் இழுவை இருக்காது. சென்னையில் என்றால் ஜி.பி. ரோடு கடைகளில் பில்லோடு வாங்கலாம். சீல், தயாரிப்புத் தேதி, எம்.ஆர்.பி. மூன்றையும் பாருங்கள். எனக்கு 900 மில்லி பாட்டில் 420 ரூபாய். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் வாங்குங்கள், பத்து இருபது ரூபாய்தான். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது. அதையே போட்டு, ஆயில் கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவதில்தான் மரை போகிறது. நான் செய்ததும் இதுதான்.

செய்முறை: என்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் இளகி, அடியில் படிந்த கசடோடு வெளியே வரும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே செய்யாதீர்கள், சூடான ஆயில் கையைப் பொசுக்கும். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். மேலே இருக்கும் ஆயில் மூடியை முதலில் கழற்றுங்கள். அது திறக்க வரவில்லை என்றால் அடியில் இருப்பதைத் தொட வேண்டாம். பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். பிறகு அடியில் தட்டு வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கீழிருந்து பார்க்கும்போது இடம் வலம் குழம்பும். எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிவிடாமல், ஒரு நொடி நின்று யோசித்துவிட்டுத் திருப்புங்கள்.

பத்து நிமிடம் வடியவிடுங்கள். துளையைத் துடைத்து, புது வாஷரோடு போல்ட்டைக் கையாலேயே முழுதும் ஏற்றுங்கள். கையால் ஏறாமல் சிக்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். அதன்பின் டார்க் ரெஞ்ச். உங்கள் மாடலுக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியில் தனி ஆயில் ஃபில்டர் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். என் வண்டியில் இல்லை.

புது ஆயிலைப் பாட்டிலோடு கவிழ்க்காதீர்கள். மேனுவலில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, மூடியைப் போட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மூன்று நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பாருங்கள். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருந்தால் சரி. கூடுதலாக ஊற்றினால் ஆயில் நுரைத்து ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும்.

இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டிரெயின் போல்ட்டில் கசியும் ஆயில் காற்றில் பின் டயருக்குத்தான் போகும்.

பழைய ஆயிலைக் காலியான பாட்டிலிலேயே ஊற்றி, பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து வைக்கும் மெக்கானிக் கடையில் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு விதிகள் அதை அபாயகரமான கழிவு என்கின்றன. தயவுசெய்து மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், மரத்தடியிலும் வேண்டாம்.

6. பிளக், ஏர் ஃபில்டர், செயின்

பிளக்: என்ஜின் முழுதும் ஆறியபின் மட்டும். சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் கழற்றியதும் உள்ளே விழும். புது பிளக்கைக் கையால் முழுதும் ஏற்றிவிட்டு, வாஷர் நசுங்கும் அளவுக்கு மட்டும் ஸ்பேனரால் அரைச்சுற்று. நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையாக நனைந்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அது உள்வேலை. பிளக் விலை 110 ரூபாய்.

ஏர் ஃபில்டரில் ஒரு தந்திரம் நடக்கிறது. இப்போது பல வண்டிகளில் வருவது எண்ணெய் தடவிய காகித ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது, காலம் வந்ததும் மாற்ற வேண்டியதுதான். பல இடங்களில் ஏர் அடித்துப் பழையதையே போட்டுவிட்டு "ஃபில்டர் கிளீனிங்" என்று தனியாக வாங்குகிறார்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால்தான் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவிப் போடலாம்.

செயினில் ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன்: என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுழலும் செயினில் துணி வைத்துத் துடைக்காதீர்கள். துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். வேகமாக முடிகிறது என்று பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உலர்ந்தபின் செயின் ஸ்பிரே. பெட்ரோல் வேண்டாம். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் செயின் ஸ்ப்ராக்கெட் நீண்ட நாள் வரும். புது செட் 1,200 ரூபாய், லேபர் தனி.

தொய்வு பெரும்பாலான வண்டிகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். அளவு மீறித் தொங்கினால் நான் மெக்கானிக்கிடமே போகிறேன். பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்த வேண்டும், இரண்டு பக்கக் கோடும் ஒரே அளவில் இருக்க வேண்டும், நட்டை மறுபடி சரியாக இறுக்க வேண்டும். என் கோட்டின்படி இது அந்தப் பக்கத்து வேலை. 50 ரூபாய்தான் ஆகும்.

7. பிரேக்: பார்ப்பது நாம், பிரிப்பது அவர்

டிரம் பிரேக்கில் லீவர் ரொம்ப உள்ளே போனால், சக்கரத்தின் அருகிலுள்ள அட்ஜஸ்டிங் நட்டை அரைச்சுற்று திருப்பலாம். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசாமல் தாராளமாகச் சுற்ற வேண்டும். பிரேக்கை முழுதும் பிடிக்கும்போது டிரம்மின் வெளியே இருக்கும் அம்புக்குறி எல்லைக்கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் நட்டைத் திருப்பிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு பிரேக்கும் இணைந்து பிடிக்கும் வண்டிகளில் அட்ஜஸ்ட் செய்வதையும் விட்டுவிடுங்கள்.

டிஸ்க் பிரேக் என்றால் ஹேண்டில் பாரில் இருக்கும் சின்ன ஜன்னலில் ஃபுளூயிட் அளவு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். மூடியைத் திறக்காதீர்கள். அந்த ஃபுளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் லீவர் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். கேட்டால்தான் மாற்றுவார்கள்.

8. மெக்கானிக்கிடம் விடும்போது

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே தேடுங்கள். வழியில் நின்றுபோன அன்று தேடினால், கிடைத்தவர்தான் மெக்கானிக். உங்கள் மாடல் வண்டிகள் அவர் கடையில் நிற்கின்றனவா பாருங்கள். முதலில் செயின் டைட், கேபிள் மாற்றம் போன்ற சின்ன வேலை கொடுங்கள். ஓட்டிப் பார்க்காமலே "என்ஜின் வேலை இருக்கு" என்பவரைவிட, "இதுக்கு இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம் தம்பி" என்று சொல்பவரிடம் போங்கள். இப்போது நான் போகும் அண்ணன் அப்படிச் சொன்னவர்தான்.

பி.எஸ். 6 சென்சர் வேலை, வாரன்டி, ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது), ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) என்றால் கம்பெனி சென்டர். லேபருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். மற்ற வேலைக்குத் தெரு மெக்கானிக் போதும், பெரும்பாலும் அவரே மேல். யார் வேலை செய்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம், அவரிடமே பேசலாம்.

வண்டியை விடும்போது நான் செய்வது:

ஓடோமீட்டர், பெட்ரோல் அளவு, நான்கு பக்கமும் ஃபோட்டோ எடுக்கிறேன்.
மாற்றப்போகும் பாகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைக்கிறேன்.
என்ன கோளாறு என்று மட்டும் சொல்கிறேன். "காலையில் குளிரில் அணைகிறது, ஓடிச் சூடானால் சரியாகிறது" என்று எப்போது, எப்படி என்பதைச் சொல்லுங்கள். "கார்ப்பரேட்டர் போச்சு, மாத்துங்கண்ணா" என்று நீங்களே தீர்ப்பு சொன்னால் அவர் மாற்றிவிடுவார், கோளாறு அப்படியே இருக்கும்.
மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, "அதுக்கு மேல போனா ஃபோன் பண்ணிட்டுச் செய்யுங்கண்ணா" என்கிறேன். அதையே வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பிவிடுகிறேன்.
பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்கிறேன். வண்டியை விடும்போதே சொல்லிவிட வேண்டும், எடுக்கும்போது கேட்டால் சண்டையாகும்.

நேரம்: திங்கள், சனி கூட்டம். செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குள் விட்டால் மாலைக்குள் நிதானமாகச் செய்து தருவார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம்.

பாகத்தை நீங்களே வாங்கித் தருவதாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பாகத்தில் கிடைக்கும் சின்ன லாபமும் அவர் வருமானம்தான். அதை எடுத்தால் லேபர் கொஞ்சம் கூட்டிக் கேட்பார், அது நியாயம். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கினால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிரேக், டயர், ஹெல்மெட் மூன்றையும் எங்கேயும் பழையதாக வாங்காதீர்கள்.

கம்பெனி சென்டரில் என்ஜின் ஃபிளஷ், டெஃப்லான் கோட்டிங், ஆயிலில் கலக்கும் மருந்து என்று தாமாகவே சேர்ப்பார்கள். ஜாப் கார்டில் (செய்யப்போகும் வேலைகளின் பட்டியல்) கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகப் படியுங்கள். வேண்டாததை அடித்துவிடச் சொல்லலாம், உரிமை உங்களுடையது.

சைலன்ஸர் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ சொல்கிறது. மாட்டியவர் போய்விடுவார், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

9. பில்லில் தகராறு என்றால்

முதலில் பேசுங்கள். புள்ளி வைத்த பாகம் இன்னும் வண்டியில் இருப்பதைக் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் உடனே மாற்றித் தந்துவிடுவார்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், கட்டணம் இல்லை. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில், வாட்ஸ்ஆப் செய்தி, ஃபோட்டோ இல்லாமல் எதுவும் நடக்காது. பழைய பிளக் விஷயத்தில் என்னிடம் இருந்தது ஒரு துண்டுக் காகிதம், அதில் கடைப் பெயர்கூட இல்லை.

10. விபத்துக்குப் பிறகு, கையை எடுங்கள்

கீழே விழுந்து ஹெட்லைட், ஃபோர்க் வளைந்திருக்கிறது என்றால், நாமே கழற்றிப் பார்ப்போம் என்று தொடங்காதீர்கள். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் பிரித்துவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். வரிசை இது: ஃபோட்டோ, அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், கிளெய்ம் எண், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவது, எஸ்டிமேட், சர்வேயர், அதன்பின் வேலை. ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், பாலிசி நகல் மூன்றும் தயாராக இருக்கட்டும். அடுத்தவருக்குக் காயம் என்றால் போலீஸ் புகார் கட்டாயம்.

கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். டூவீலரில் 100 ரூபாய் கட்டாயப் பிடித்தம், அது சின்னதுதான். ஆனால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் தருவார்கள், உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். மேலும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது. ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டர் என்றால் கைக்காசில் நீங்களே மாட்டிக்கொள்வதுதான் லாபம்.

11. மழைத்தண்ணீரில் மூழ்கிய வண்டி

சென்னையில் இருப்பவர்கள் இதை அக்டோபர் பிறக்கும் முன் படித்துவிடுங்கள். தண்ணீர் சைலன்ஸருக்கு மேலே ஏறி நின்றிருந்தால், வடிந்ததும் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்யாதீர்கள். செல்ஃபும் வேண்டாம், கிக்கரும் வேண்டாம், சாவியையே திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனை இணைக்கும் ராடு வளைந்துவிடும். தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. அதற்கென்று என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வாங்கியிருக்க வேண்டும்.

பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டோ டெம்போவில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் போங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை ஒன்றுக்கு இரண்டு தடவை மாற்றி, ஏர் ஃபில்டரும் புதிதாகப் போட எனக்கு 1,600 ரூபாய் ஆனது. என் தெருவில் அதே நாளில் கிக்கரை உதைத்துப் பார்த்த ஒருவருக்கு என்ஜினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. வெள்ளம் வடிந்த வாரத்தில் எல்லா மெக்கானிக் கடை வாசலிலும் நாற்பது வண்டி நிற்கும். முதல் நாளே கொண்டுபோய் வரிசையில் விட்டுவிட்டு, பேருந்தில் வேலைக்குப் போங்கள்.